தண்டு சிறுக்குறத வச்சு மரத்தோட முழு உயரம்: நாலு வருஷ அனுபவம்

காத்துல நுனி முறிஞ்சு நிக்குற மரத்தப் பாத்தா, இது முழுசா எவ்ளோ உயரம் இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்காம எனக்கு நகர மனசு வராது. உச்சியே இல்லாத மரத்துல உயரம் அளக்குற லேசர் கருவி எதப் பிடிக்கும், மிச்சம் நிக்குற தண்டு எவ்ளோ வேகமா சிறுக்குதுன்னு பாத்துத்தான் கணக்குப் போடணும். நாலு வருஷமா அதத்தான் பண்றேன்.

முத வருஷம் போட்டது பூரா தப்பு. ரெண்டு இடத்துல விட்டம் எடுத்து அப்படியே நேர்கோடா நீட்டிடுவேன். தரையிலேர்ந்து 1.3 மீட்டர் உயரத்துல விட்டம் 40 செ.மீ, 5.3 மீட்டர்ல 36 செ.மீ இருக்குன்னு வைங்க, மீட்டருக்கு 1 செ.மீ கொறையுது, அப்போ உயரம் 41.3 மீட்டர்னு வரும், பக்கத்துல அதே வகை மரம் எல்லாம் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும்! ஏன்னா தண்டு முழுக்க கூம்பு கெடையாது. அடியில வேர்ப்பக்கம் விரிஞ்சு சட்டுனு சிறுக்கும், நடுவுல ரொம்ப மெதுவா, உச்சிகிட்ட போனாத்தான் கூம்பு மாதிரி ஆகும். நடுத்தண்டுல சீரா கொறையுறது விட்டம் இல்ல, விட்டத்தோட வர்க்கம். அதே மரத்துக்கு 1600, 1296, அதாவது 4 மீட்டர்ல 304 கொறையுது, 1600 முழுசா தீர 21 மீட்டர் வேணும், கீழ இருக்குற 1.3ஐயும் சேத்தா 22.3 கிட்ட.

இது சரியான்னு பாக்க வேரோட சாஞ்சு முழுசா கெடக்குற மரங்கள டேப் போட்டு நுனி வரைக்கும் அளந்தேன், வர்க்கக் கணக்கு பெரும்பாலும் கொஞ்சம் கொறச்சலாத்தான் காட்டுச்சு, ஆனா நேர்கோட்டுக் கணக்கு மாதிரி எங்கயோ போயிடல.

பெரிய தொல்லை அளவெடுக்குறதுலதான். மேல 36க்கு பதிலா 35.5னு எடுத்துட்டா உயரம் 20.1க்கு எறங்கிடும், அர செ.மீ தப்புக்கு ரெண்டு மீட்டருக்கு மேல போச்சு. அதனால எப்பவும் சுற்றளவு எடுத்து 3.14ஆல வகுத்துக்கோங்க, தண்டு சரியான வட்டமா இருக்காது. கிளை கெளம்புற புடைப்பு மேல டேப் வைக்காதீங்க, வேர் விரிவு மேல வரைக்கும் ஏறியிருந்தா 1.3ஐ விட்டுட்டு அதுக்கு மேல ஆரம்பிங்க. ரெண்டு அளவுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் விட முடியுமோ அவ்ளோ நல்லது.

பனை வகைகளுக்கு இது ஒத்தே வராது, அதோட தண்டு வேற மாதிரி வளருது. தனியா நிக்குற மரம் நெருக்கத்துல வளந்தத விட வேகமா சிறுக்கும், அதனால ஒண்ணோட அளவ இன்னொண்ணுக்குப் போடாதீங்க. நோட்டுல நான் இப்ப ஒத்த எண்ணா எழுதுறதே இல்ல, மேல சொன்ன மரத்துக்கு 21லேர்ந்து 26னு எழுதியிருக்கேன்.