ஒரு குப்பிக்குத்தான் காசு: முயலா, சுண்டெலியா?

வளரும் மூளையில் ரேடியல் கிளியா கலங்களைக் காட்டிக்கொடுப்பது எஃப்ஏபிபி7 என்ற புரதம். பிஎல்பிபி என்பதும் இதுதான். ஒமேகா-3 கொழுப்பமிலமான டிஎச்ஏயை இறுகப் பிடித்துக்கொள்ளும். 132 அமினோ அமிலம், சுமார் 15 கிலோடால்டன் எடை. அந்தக் கலங்களின் நார்கள் மூளையின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை நீளும். நுவரெலியாவில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நடுவார்களே, அதுபோல. புது நரம்புக்கலங்கள் அதைப் பற்றித்தான் ஏறுகின்றன.

இந்தப் புரதத்தைத் தேடிப் பற்றிக் காட்டுவது பிறபொருளெதிரி. பேராதனைப் பக்கம் எங்களுக்கு வருடத்துக்கு அதில் ஒரு குப்பி வாங்கத்தான் பணம் கிடைக்கும். முயலில் எடுத்த பாலிகுளோனலா (பல வகைப் பிறபொருளெதிரிகளின் கலவை), சுண்டெலியில் எடுத்த மொனோகுளோனலா (ஒரே வகை மட்டும்) என்பதுதான் கேள்வி.

சுண்டெலி முளையத்தின் மூளையை வெட்டிப் பார்ப்பவர்களுக்கு என் பதில் முயல்தான். பாலிகுளோனல் புரதத்தின் பல இடங்களைப் பற்றும். ஃபோமலினில் சில இடங்கள் கெட்டாலும் மெல்லிய நார்வரை ஒளிரும். சுண்டெலியுடையதைச் சுண்டெலி இழையத்தில் போட்டால், முதலாவதைப் பற்றி ஒளிர வேண்டிய இரண்டாவது பிறபொருளெதிரி அந்த விலங்கின் சொந்த இம்யூனோகுளோபியூலினையும் (அதன் உடலிலேயே உள்ள பிறபொருளெதிரிகளையும்) பிடிக்கும். நார் தெரிய வேண்டிய இடத்தில் இரத்தக்குழாய்கள் மினுங்கும். அதை மறைக்கத் தனி மருந்து, தனிச் செலவு. இதே கலங்களைக் காட்டும் இன்னொரு புரதமான நெஸ்டினுக்கு வைத்திருப்பதும் பெரும்பாலும் சுண்டெலியுடையதுதான். இரண்டையும் ஒரே வெட்டில் பார்க்க முயல் வசதி. மனிதக் கலங்களை வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் யோசிக்காமல் மொனோகுளோனல் வாங்கலாம், வருடா வருடம் ஒரே சரக்கு. பாலிகுளோனலில் முயல் மாறினால் சரக்கும் மாறும்.

ஆனால் முயலை நம்பி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விற்பவர்கள், புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் புளொட்டில் 15 கிலோடால்டனில் ஒற்றைக் கோட்டைக் காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே குடும்பத்துப் புரதங்களான இதயத்தின் எஃப்ஏபிபி3, தோலின் எஃப்ஏபிபி5 இரண்டும் கிட்டத்தட்ட அதே எடை. இரண்டும் மூளையிலும் உண்டு. ஆகவே அந்தக் கோடு எதையும் நிரூபிக்காது. மூளைச் சாற்றுக்குப் பக்கத்திலேயே இதயச் சாற்றையும் தோல் சாற்றையும் ஓடவிடுங்கள். இதயத்தில் பட்டை தடிப்பாக விழுந்தால் உங்கள் குப்பி எஃப்ஏபிபி3ஐப் பிடிக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். புரதத்தை ஒற்றி எடுக்கும் மென்சவ்வில் 0.45 மைக்ரோன் துளை வேண்டாம், 0.2 எடுங்கள், இவ்வளவு சின்னப் புரதம் மற்றதில் ஊடுருவிப் போய்விடும்.

கொஞ்சம் கூடக் காசு கிடைத்தால் மறுசேர்க்கை முறையில் (மரபணுவைக் கலங்களில் புகுத்தி) செய்த முயல் மொனோகுளோனல் வாங்குவேன். முயலின் வசதியும் மாறாத சரக்கும் அதில் ஒன்றாகக் கிடைக்கும்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, சிறு பங்குகளாகப் பிரிக்காமல் உறைய வைத்திருந்த எங்கள் குப்பி உருகி உறைந்து உருகியது. அதற்குப் பிறகு நார் ஒன்றும் தெரியவில்லை, கலவுடல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் பெட்டி கைக்கு வந்த அன்றே, தேநீர்கூடக் குடிக்காமல், 10 மைக்ரோலீற்றராகப் பிரித்துத் திகதி எழுதி வைத்துவிட்டுத்தான் மறுவேலை.