மாற்றாத மதர்போர்டுக்கு 8,500 கொடுத்தேன், நீங்களாவது ஏமாறாதீர்கள்

லேப்டாப் பூட் ஆகவில்லை என்று யாரிடமாவது தூக்கிக் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் 8,500 போன கதை.

இரண்டு வாரத்துக்கு முன் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கருப்பு. கேப்ஸ் லாக் விளக்கு சில தடவை சிமிட்டும், நிற்கும், மறுபடி அதே கணக்கில் சிமிட்டும். நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஆளுக்கு அவ்வளவு பொறுமை. என் கண்முன்னாலேயே பின்மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூக்களை ஒரு காந்தத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். மீட்டர் முனையை போர்டில் இரண்டு இடத்தில் வைத்துக் காட்டி, "பாருங்க சார், இங்க வோல்டேஜே வரல, போர்டு போயிடுச்சு. டேட்டா என் பொறுப்பு" என்றார். அந்த மீட்டரில் என்ன எண் வர வேண்டும் என்று எனக்கென்ன தெரியும்? ஸ்க்ரூவை இவ்வளவு ஒழுங்காக வைக்கிறவர் பொய்யா சொல்வார் என்று நினைத்தேன். 8,500 முழுவதையும் அங்கேயே கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "டெலிவரியில தர்றேன் சார்."

நான்கு நாளில் வந்தது, பூட் ஆகவும் செய்தது. வந்த சந்தோஷத்தில் பில்லை மறந்துவிட்டேன். ஆனால் நாலு டேப் திறந்தாலே முக்க ஆரம்பித்தது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 16 ஜிபி ரேம் 8 ஆகியிருக்கிறது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. என் டிரைவ் பிட்லாக்கர் (விண்டோஸில் டிரைவைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டுப் பூட்டியது. போர்டை மாற்றினால் அந்தப் பூட்டின் சாவியைப் பாதுகாக்கிற, அதிலிருக்கும் டிபிஎம் சிப்பும் மாறும், பூட் ஆகும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டே தீரும். என்னிடம் ஒரு இலக்கம்கூடக் கேட்கவில்லை. அப்படியென்றால் போர்டை மாற்றவே இல்லை. பழைய சீரியல் நம்பரையாவது புதுப் போர்டில் எழுதிவிடலாம், பிட்லாக்கரை அப்படி ஏமாற்ற முடியாது.

மூடியைத் திறந்தேன். இரண்டு ரேம் ஸ்லாட்டில் ஒன்று காலி. கம்பெனி கையேட்டில் அந்தச் சிமிட்டல் கணக்கைத் தேடினேன்: மெமரி, அதாவது ரேம் கோளாறு. முதல் நாளே லேப்டாப் சொல்லியிருக்கிறது! கெட்டுப்போன ஒரு ரேமை உருவி எடுத்ததற்குத்தான் 8,500.

போன் போட்டேன். "விண்டோஸ் அப்டேட் சார், அப்படித்தான் காட்டும்." மறுநாள், "ஓனர் வெளியூர் போயிருக்கார்." பழைய போர்டைக் கொடுங்கள் என்றால், "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடும்." நேற்று வேறு ஒரு குரல், நிதானமாக: "பில் இருக்கா சார்?"

வயிறு எரிகிறது. போர்டு மாற்றினேன் என்று வாய் கூசாமல் சொல்லி 8,500!

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கோபத்தில் பாதி மறந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கழற்ற முடிந்த பேட்டரி என்றால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு போட்டுப் பாருங்கள். வெளி மானிட்டரில் படம் வந்தால் கோளாறு பெரும்பாலும் திரைப் பக்கம்தான். விளக்கு சிமிட்டுவதை வீடியோ எடுத்துக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ரேம் கழற்றக்கூடியது என்றால், மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். கடையில் கொடுக்கும் முன் ரேம், எஸ்எஸ்டி (டேட்டா இருக்கும் டிரைவ்) லேபிள்களைப் படம் எடுங்கள். மாற்றிய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் காசை நீட்டாதீர்கள்.

இதை எழுதும்போதே மறுபடி அடித்துப் பார்த்தேன். இப்போது போனை எடுப்பதே இல்லை.