விண்டோஸ் 11-க்குப் பழைய முகம்: கடையில் வைத்துப் பார்த்த அனுபவம்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஸ்டுடியோ நடத்தும் நண்பர் போன் செய்தார். "அண்ணே, உங்க கடை சிஸ்டம் பார்க்க அப்படியே பழைய விண்டோஸ் செவன் மாதிரி இருக்கே, எனக்கும் அதைப் போட்டுக் குடுங்க" என்றார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றதும் விண்டோஸ் 11 உள்ள புது மெஷின் வாங்கியவர் அவர். வாங்கிய நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டுகிறார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. டைப் செய்யும் அக்கா பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை தானாகப் போகும். விற்பனைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், மனு என்று வரிசையாகத் திறந்திருக்கும். திரையின் அடியில் இருக்கும் பட்டையில், அதாவது டாஸ்க்பாரில், ஒவ்வொன்றின் பெயரும் தெரிந்தால்தான் எது யாருடையது என்று பிடிபடும். 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது அந்தப் பெயர்களையே எடுத்துவிட்டார்கள். எல்லா வேர்டு கோப்பும் ஒரே ஐகானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆள் மாறி பிரிண்ட் போனால் முத்திரைத்தாள் வீண். அதற்குத்தான் எனக்குப் பழைய முகம் வேண்டியிருந்தது. அழகு அப்புறம்தான்.

பெயர்கள் 2023-ல் வந்த 23எச்2 பதிப்பில் திரும்பி வந்துவிட்டன. டாஸ்க்பார் அமைப்பில் போய் பட்டன்களை ஒன்றாகச் சேர்க்காதே என்று மாற்றினால் போதும். நடுவில் நிற்கும் ஸ்டார்ட் பட்டனை இடப்பக்கம் தள்ளுவதும் அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் எந்த மென்பொருளும் தேவையில்லை.

ரைட் கிளிக் மெனு இன்னொரு தலைவலி. கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் மேலே சின்னச் சின்னப் படங்களாகிவிட்டன. நமக்கு வேண்டியதில் பாதி, 'மேலும் காட்டு' என்பதற்குள் ஒளிந்திருக்கும். அடுத்து வந்த 24எச்2 பதிப்பில் அந்தப் படங்களுக்குக் கீழே பெயர் போட்டிருக்கிறார்கள். அதை நல்லது என்றே சொல்வேன். ஆனாலும் ஒரு கிளிக்கில் முடிந்த வேலைக்கு இரண்டு கிளிக், நாள் முழுக்க. ஷிப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும். நிரந்தரமாக வேண்டுமானால் விண்டோஸ் தன் உள் அமைப்புகளைப் பதிந்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வெற்று மதிப்பைச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன், இன்றுவரை அது தொந்தரவு கொடுத்ததில்லை.

ஸ்டார்ட் மெனுவைப் பழையபடி ஆக்க ஓப்பன் ஷெல் என்ற மென்பொருளைப் போட்டேன். பழைய கிளாசிக் ஷெல்தான் இது. அதை எழுதிய ஐவோ பெல்ட்செவ் 2017 கடைசியில் வேலையை நிறுத்திவிட்டு மூல நிரலைப் பொதுவில் வைத்தார். தன்னார்வலர்கள் எடுத்து நடத்துகிறார்கள். காசு கிடையாது. செவன் மாதிரி இரண்டு பத்தி மெனுவும் உண்டு, அதற்கும் முந்தைய ஒற்றைப் பத்தி மெனுவும் உண்டு. அக்கா முதல் நாளே ஒன்றும் கேட்காமல் வேலையைத் தொடங்கினார். ஒரு மென்பொருளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் லதா என்ற தமிழ் எழுத்துரு. பழைய பத்திர மாதிரிகள் எல்லாம் லதாவில் அடித்தவை. விண்டோஸ் 11-ல் லதா தானாக வருவதில்லை. அதனால் கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் நகரும், முத்திரைத்தாளில் கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்குத் தாவும். செட்டிங்ஸில் கூடுதல் வசதிகள் பட்டியலில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று ஒரு பொதி இருக்கிறது. லதாவும் விஜயா என்ற இன்னொரு எழுத்துருவும் அதில் வரும். நிறுவியதும் பழைய கோப்புகள் அச்சுப் பிசகாமல் நின்றன. பழைய தோற்றம் என்றதும் எல்லோரும் டாஸ்க்பார் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தமிழில் டைப் செய்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். டாஸ்க்பாரையே செவன் மாதிரி மாற்றும் மென்பொருள் ஒன்றும் போட்டிருக்கிறேன். பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கும், அக்கா கையும் அதற்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த வகை மென்பொருள்கள் டாஸ்க்பாரையும் கோப்புறைகளையும் திரையில் காட்டும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே புகுந்து வேலை செய்பவை. அப்டேட்டில் எக்ஸ்ப்ளோரர் மாறினால் இவை தடுமாறும். பெரிய அப்டேட் வந்த மறுநாள், முகூர்த்த நாள் வேறு, வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், திரையில் டாஸ்க்பார் வருகிறது, மறைகிறது, வருகிறது, மறைகிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அங்கிருந்து மென்பொருள்களை நீக்கும் பக்கத்தை வரவழைத்து, அந்த மென்பொருளைக் கழற்றிய பிறகுதான் சிஸ்டம் நிலைக்கு வந்தது. அதற்குள் வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். எழுதியவர்களைக் குறை சொல்வதும் சரியல்ல, அடுத்தவர் கட்டிய சுவருக்குள் ஓயாமல் வழி கண்டுபிடிக்கும் வேலை அவர்களுடையது. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஒழுங்காக இருந்த டாஸ்க்பாரைத் திரும்பக் கேட்பதற்கு நாம் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இடப்பக்க ஸ்டார்ட், டாஸ்க்பார் பெயர்கள், ரைட் கிளிக் மெனு, லதா, ஓப்பன் ஷெல், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாஸ்க்பாரை மாற்றும் மென்பொருளைக் கல்யாண சீசனில் ஸ்டுடியோ மெஷினில் போடவே போடாதீர்கள்.

என் கடையில் அதன் புதிய பதிப்பு வந்ததும் மறுபடி போட்டுவிட்டேன். பெரிய அப்டேட் வரும்போது ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்க விண்டோஸிலேயே இடமுண்டு. அதற்குள் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சேர்த்து ஏற்றுவேன். கழற்றும் எண்ணம் இல்லை.