டகோட்டாவின் ஓசைக்காக ஒரு ரயில் பயணம்: மெரினா, எலகங்கா விமானக் காட்சிகள்

தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் போர் விமானம் புதுமையன்று. 2020 ஜனவரி 20 அன்று இங்குள்ள விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களைக் கொண்ட 222ஆம் படையணி நிலைகொண்டதிலிருந்து, நடவு வயலில் குனிந்திருப்பவர்கூட நிமிராமலே "சுகோய் கிளம்பிவிட்டது" என்று சொல்லிவிடுவார். ஆகவே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ரயில் ஏறி விமானக் காட்சிக்குப் போவதென்றால், இங்கே தலைக்கு மேல் கிடைக்காத ஒன்று அங்கே இருக்க வேண்டும். எனக்கு அது, சுழலி (புரொப்பல்லர்) வைத்த பழைய பிஸ்டன் விமானம். அந்த அளவுகோலை வைத்தே நான் பார்த்த இரண்டு காட்சிகளையும் மதிப்பிடுகிறேன்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னை மெரினாவில் நடந்த காட்சிக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் போயிருந்தேன். பதினொரு மணிக்குத் தொடங்கிய அந்தக் காட்சியில் ரஃபேல், தேஜஸ், மயில் தீட்டிய சாரங் ஹெலிகாப்டர்கள், சூர்யகிரண் ஜெட் சாகச அணி எல்லாம் வந்தன. ஆயினும் நான் காத்திருந்தது பழைய பிஸ்டன் விமானங்களான ஹார்வர்டுக்கும் டகோட்டாவுக்கும்தான். ஹார்வர்டின் ஓசையில் ஒரு கரகரப்பு உண்டு. சுழலியின் நுனிகள் ஒலியின் வேகத்தை நெருங்கிச் சுற்றுவதால் எழுவது அது. டகோட்டாவோ சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த இரண்டு ரேடியல் என்ஜின்களோடு, என்ஜினுக்குப் பதினான்கு சிலிண்டர் வீதம், அவசரமே இல்லாமல் கடலோரமாக வந்தது. விபி 905 என்ற எண்ணைத் தாங்கிய இந்த விமானம், 1947 அக்டோபரில் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாக்களை நினைவூட்டுவதற்காகவே மீட்டெடுக்கப்பட்டுப் பறக்கவிடப்படுகிறது.

அப்பா முப்பது ஆண்டுகள் ஆயில் என்ஜின் வைத்து வயலுக்குத் தண்ணீர் இறைத்தவர். கரையில் நின்ற அத்தனை பேரும் கைப்பேசியை உயர்த்தியிருக்க, அவர் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். விமானம் கடந்துபோன பிறகு, "ரெண்டும் ஒரே சீரா ஓடுது, தம்பி. நல்லாப் பாத்து வச்சிருக்காங்க" என்றார். ஜெட் விமானத்தின் இரைச்சலில் இப்படி எதையும் பிரித்துக் கேட்க முடியாது. பிஸ்டன் என்ஜினில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுந்து, பிறகு ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். இதைக் கேட்பதற்காகவே சென்னைக்குப் போகலாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அன்றைய வெயிலையும் கூட்டத்தையும் மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அன்று அங்கே வந்திருந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள் என்பதை எண்ணும்போது இப்போதும் மனம் கனக்கிறது. மெரினாவில் நிழல் கிடையாது. முற்பகலில் சூரியன் கடல் பக்கத்திலிருந்தே கண்ணைக் கூசச் செய்யும். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குடை, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவை இல்லாமல் முதியவர்களை அழைத்துச் செல்லாதீர்கள். காட்சி முடிந்தவுடன் எல்லோரோடும் சேர்ந்து நிலையத்துக்கு ஓடவும் வேண்டாம். நாங்கள் இரண்டு மணி நேரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டே புறப்பட்டோம்.

பெங்களூரு எலகங்காவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஏரோ இந்தியா முற்றிலும் வேறு வகை. 2025 பிப்ரவரி 10 முதல் 14 வரை நடந்ததில் கடைசி இரண்டு நாள்கள் பொதுமக்களுக்கு. பறத்தலை மட்டும் பார்க்கும் பகுதிக்கான சீட்டு ஆயிரம் ரூபாய். காலையிலும் பிற்பகலிலும் காட்சி உண்டு என்பதால் கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை. ரஷ்யாவின் சு-57 செங்குத்தாக எழுந்து, அந்தரத்தில் ஏறக்குறைய நின்று, பின் திரும்பி விழுந்ததைப் பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். எனினும் அது சுகோயின் தம்பிதானே! எங்கள் ஊர்க் காதுக்குப் பழகிய ஓசை. கும்பகோணத்திலிருந்து ஏற்பாடு செய்திருந்த ஒரு வேன்காரர் வாயில்வரை விடுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, மூன்று கிலோமீட்டருக்கு முன்பே இறக்கிவிட்டதில் காலைக் காட்சியின் பாதி போய்விட்டது. ரயிலில் போவதே நல்லது.

எலகங்கா போகிறவர்கள் இன்னொரு நாள் கூடுதலாகத் தங்கி, பழைய விமான நிலையச் சாலையில் உள்ள, விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1961இல் முதன்முதலாகப் பறந்த மாருத் போர் விமானம் அங்கே நிற்கிறது. அழகான உடலமைப்பு, அதற்குத் தகுந்த வலுவுள்ள என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. அதன் மூக்கிலிருந்து வால்வரை மெல்ல நடந்து பார்க்க அங்கே யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த முறை அப்பாவையும் அங்கே அழைத்துப் போவதற்குச் சீட்டு எடுத்துவிட்டேன்.