சின்ன அவுட்டோர் பிராண்டா, திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியா: இன்டர்ன்ஷிப்புக்கு எது?

உடுப்புத் துறையில் ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போக நினைப்பவருக்கு முன்னால் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. மலையேற்ற உடுப்பு விற்கும் பத்துப் பேர் பிராண்டு ஒன்று. திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டரை சாம்பிள் முதல் ஏற்றுமதி வரை பின்தொடரும் வேலை, மற்றொன்று. இரண்டு இடத்திலும் மேசைமேல் கிடப்பது டெக் பேக்தான்: ஒரு உடுப்பின் படம், அளவு, துணி, தையல் விவரங்கள் அடங்கிய தாள்கள். பிராண்டில் அதை எழுதுவீர்கள். எக்ஸ்போர்ட்டில் பயர் (ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனம்) எழுதி அனுப்பியதை உடுப்பாக்குவீர்கள்.

எக்ஸ்போர்ட்டில் கை பழகும். லேப் டிப் (சாய நிறத்தின் சிறு மாதிரி), ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய கடைசி மாதிரி), பிறகு பல்க் (மொத்த உற்பத்தி) என்ற வரிசை சீக்கிரமே மனப்பாடமாகிவிடும். நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் டி65 என்ற பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போன நிறம் டி.எல்.84 என்ற கடை விளக்கு வெளிச்சத்தில் ஏன் விலகுகிறது, காம்பேக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்துவது) சரியில்லாத துணி துவைத்தபின் ஏன் சுருங்குகிறது என்பதையெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். குறையும் உண்டு. இன்டர்னை டி.என்.ஏ. ஷீட் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியவேண்டும் என்ற 'டைம் அண்ட் ஆக்‌ஷன்' அட்டவணை) நிரப்பவும் கூரியர் அனுப்பவும் உட்காரவைத்துவிடுவார்கள். பயர் ஒரு ஸ்டைலை ஏன் கைவிட்டார் என்பது கடைசிவரை தெரியாது.

அந்த "ஏன்"தான் பிராண்டில் தினசரி வேலை. ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம்: நீளம் 70 செ.மீ., கை 22, பாதி மார்பு 50, துணி 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்). தையலுக்கும் மடிப்புக்கும் நீளத்தில் 10, அகலத்தில் 4 கூட்டினால் (70 + 22 + 10) × (50 + 4) × 2 = 102 × 54 × 2 = 11,016 சதுர செ.மீ., அதாவது 176 கிராம். கழிவு 10% சேர்த்தால் ஏறக்குறைய 194 கிராம். டிசைனர் ஐந்து நிறம் கேட்கிறார், நிறத்துக்கு 200 பீஸ். அப்படியானால் நிறத்துக்கு 39 கிலோ. சாயம் போடும் டையிங் யூனிட்டில் 100 கிலோவுக்குக் குறைந்து எடுக்கமாட்டோம் என்றால் கணக்கு அங்கேயே உடைகிறது. இரண்டு நிறம், நிறத்துக்கு 500 பீஸ் என்று மாற்றினால் 97 கிலோ, பேசி முடித்துவிடலாம். எந்த மூன்று நிறத்தை வெட்டுவது என்று விற்பனைக் கணக்கோடு சொல்வதுதான் இன்டர்னின் வேலை.

விலையிலும் இதே கதை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை விலையுள்ள உடுப்புக்கு ஜி.எஸ்.டி. 5%, அதற்கு மேல் 18%. வரிக்கு முன் 2,500 என்றால் வாங்குபவர் தருவது 2,625. விலையை 100 ரூபாய் ஏற்றினால் 3,068. பிராண்டுக்கு 100 கிடைக்க, வாடிக்கையாளர் 443 கூடுதலாகத் தரவேண்டும். நல்ல பாக்கெட் ஒன்று டிசைனிலிருந்து காணாமல் போவதற்கு இப்படியும் காரணம் இருக்கும்.

மழை ஜாக்கெட் தனி உலகம். பின்னல் துணியில் பழகிய கைக்கு, தையல் துளைகளை அடைக்கும் சீம் டேப் ஒட்டும் வேலை புதிது. "தண்ணீர் உள்ளே வருகிறது" என்று திரும்பி வரும் ஜாக்கெட்டில் மூன்று வேறு குறைகள் ஒளிந்திருக்கும். தையல்கள் குறுக்கிடும் இடத்தில் டேப் உரிந்திருந்தால் ஃபேக்டரியைக் கேட்கவேண்டும். ஜிப் வழியாக இறங்கியிருந்தால் டிசைன் கோளாறு. வெளித்துணியின் நீர்விலக்குப் பூச்சு தேய்ந்து துணி ஊறினால் வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளே ஈரமாகும். அது ஓட்டை இல்லை, துவைக்கும் முறையை லேபிளில் எழுதவேண்டிய விஷயம். ரிட்டர்ன் பெட்டிகளைப் பிரித்து இப்படி வகைப்படுத்தும் வாய்ப்பு எக்ஸ்போர்ட் இன்டர்னுக்குக் கிடைப்பது அரிது.

துணியைத் தொட்டுப் பழகாதவர் முதலில் திருப்பூருக்குப் போவதே நல்லது. ஓவர்லாக், ஃப்ளாட்லாக் என்ற தையல் வகைகளுக்குள் வித்தியாசம் தெரியாமல் டெக் பேக் எழுதினால் சாம்பிள் மூன்று முறை திரும்பும். டெக்ஸ்டைல் படித்தவருக்கு பிராண்டு.

பிராண்டில் சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். நான் வரும் மூன்று மாதத்தில் எந்த சீசன் எந்தக் கட்டத்தில் இருக்கும்? ஒரு சீசன் வரைபடத்திலிருந்து கடைக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், சாம்பிள் ரிவ்யூ நடக்கும் மாதங்களில் சேர்ந்தால்தான் லாபம். அடுத்தது, காஸ்ட் ஷீட்டை (உடுப்பின் செலவுக் கணக்கை) எனக்குக் காட்டுவீர்களா? இல்லை என்றால் இன்ஸ்டாகிராம் படத்துக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நிற்கும் வேலைதான் மிஞ்சும்.