குளத்து நீரின் சூட்டைப் பார்க்க செயற்கைக்கோளா, தெர்மாமீட்டரா?

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் இலவசம்தானே, மீஞ்சூர் பக்கத்து இறால் குளத்தின் சூட்டை அதிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இலவசம்தான். ஆனால் லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் வெப்ப உணரியின் ஒரு புள்ளி 100க்கு 100 மீட்டர் சதுரம். தரவிறக்கினால் 30 மீட்டர் கட்டமாகத் தெரியும். அது கணக்குப் போட்டு நிரப்பியது, ஏமாற வேண்டாம். ஒரு ஹெக்டேர் குளமே 100க்கு 100 மீட்டர்தான், கரை மண்ணின் சூடும் கலந்துவிடும்.

இரண்டும் மாறி மாறி எட்டு நாளைக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில் கடக்கின்றன. குளத்து நீரில் ஆக்சிஜன் குறைவதோ விடியற்காலையில், அந்த நேரத்துச் சூடு இதில் தெரியாது. அளப்பதும் நீரின் மேல்தோலை மட்டும். இறால் மேய்வது அடியில். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் அதுவும் கிடைக்காது.

தினசரி வேலைக்கு என் ஓட்டு தெர்மாமீட்டருக்குத்தான். விடியலில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மேலேயும் அடியிலும் பாருங்கள். சாதாரணக் கண்ணாடிக் குழாயை வெளியே இழுத்ததும் அளவு மாறிவிடும். ஒயர் வைத்த டிஜிட்டல் நல்லது. வன்னமை இறாலுக்கு 28 முதல் 32 டிகிரி தோது. அதற்குக் கீழே இறங்கினால் தீனி எடுப்பது குறையும், அன்றைக்கே தீவனத்தைக் குறைத்துவிடலாம்.

சரி, செயற்கைக்கோள் வீணா? எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சுடுநீர் எதுவரை பரவுகிறது என்று மொத்தமாகப் பார்க்க அதுதான் தோது. பல வருடப் படங்களை அடுக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் குளத்துக்கு எங்கே நீர் இறைப்பது என்று முடிவு செய்யலாம்.