ஏலத்தில் விற்பதும் திட்டு வாங்குவதும்: பழைய கேமரா விற்பவனின் அனுபவம்

பழைய ஃபிலிம் கேமராக்களையும் லென்ஸ்களையும் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் விற்கத் தொடங்கியது 2006-இல். முழுநேரத் தொழில் இல்லை. மாதத்துக்கு நாலைந்து உருப்படி. வேலை முடிந்து வந்து இரவில் துடைத்து, சோதித்து, படம் எடுத்துப் போடுவேன். படமெடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டரைக் கழற்றிச் சரிசெய்வது ஒரு வருடத்தில் கைவந்துவிட்டது. வாங்கியவர் எழுதும் பின்னூட்டத்தைப் பார்த்துப் பதறாமல் இருப்பதற்குத்தான் நெடுநாள் பிடித்தது.

நான் சேர்ந்த காலத்தில் விற்பவரும் வாங்குபவருக்குக் குறைப் பின்னூட்டம் போடலாம். அதனால் ஒரு வேடிக்கை நடக்கும். பொருள் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். நீ முதலில் போடு, நான் அப்புறம் போடுகிறேன் என்று காத்திருப்போம். யார் முதலில் குறை சொன்னாலும் அடுத்த நிமிடமே பதிலடி விழும். 2008-இல் அந்த வழியை ஈபே அடைத்துவிட்டது. அன்றிலிருந்து விற்பவர் வாங்குபவருக்கு நல்ல பின்னூட்டம் மட்டுமே போட முடியும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம். கையைக் கட்டிவிட்டார்களே என்று அப்போது நானும் குதித்தேன். இப்போது அது சரிதான் என்று படுகிறது. முகம் தெரியாத ஆளை நம்பிக் காசை முதலில் கொடுப்பது வாங்குபவர்தானே. காசு வந்த பிறகு நான் அவர்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? காசு வந்ததும் முதல் வேலையாக நல்ல பின்னூட்டத்தைப் போட்டுவிடுகிறேன். எதிர்பார்ப்பும் கிடையாது, பேரமும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் 98 மதிப்பெண் வாங்கினால் தோளில் தட்டுவார்கள். ஏலத்தில் நல்ல பின்னூட்டம் 98 சதவீதம் என்றால், இந்த ஆளிடம் என்னவோ இருக்கிறது என்று யோசிப்பார்கள். எல்லோரும் 99-க்கு மேல் நிற்பதால் வரும் வினை. சிறு விற்பனையாளருக்கு இது இன்னும் கொடுமை. கணக்கில் வரும் பின்னூட்டம் 40 என்றால், அதில் ஒன்று குறையாக விழுந்தாலே 97.5-க்கு இறங்கிவிடும்.

எனக்கு விழுந்த முதல் குறை ஒரு லென்ஸால் வந்தது. 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியிருந்தேன். முன்பக்கம் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. வாங்கியவர் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. 'உள்ளே பூஞ்சை. விற்பவர் மறைத்துவிட்டார்' என்று எழுதிவிட்டார். மறைத்தேன் என்ற சொல்தான் சுட்டது. பூஞ்சை இருந்தது எனக்கே தெரியாது. உடனே அதன் கீழே, 'பழைய பொருள் வாங்கத் தெரியாதவர்கள் கடைக்குப் போய்ப் புதியது வாங்கட்டும்' என்று பதில் போட்டேன். போட்டபோது நெஞ்சு குளிர்ந்தது. இரண்டு வாரம் கழித்து வேறொரு கேமராவைக் கேட்டு ஒருவர் செய்தி அனுப்பினார். கேமராவைப் பற்றி ஒரு கேள்வி. கடைசியில் ஒரு வரி: 'பிரச்சினை என்று சொன்னால் கோபப்படுவீர்களா?' பூஞ்சையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கண்ணில் பட்டது என் பதில்தான். குறை எழுதியவர் திரும்பி வந்து அதைப் படிக்கப் போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் லென்ஸ் எதுவானாலும் பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சி ஒரு படம் எடுத்துப் போடுகிறேன். தூசு, பூஞ்சை, கீறல் எல்லாம் அதில் அப்பட்டமாகத் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருந்தால் அதற்கும் தனிப் படம். 'நல்ல நிலை' என்ற சொல்லையே விட்டுவிட்டேன். எல்லா வேகத்திலும் ஷட்டர் திறந்து மூடுகிறது, 1/30 நொடிக்குக் கீழே மெதுவாக இழுக்கிறது, வெளிச்சம் புகாமல் அடைக்கும் பின்கதவுப் பஞ்சு பிசுபிசுத்துவிட்டது என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். ஈபே 1995-இல் தொடங்கியபோது அதில் முதலில் விற்ற பொருள் ஓர் உடைந்த லேசர் பாயிண்டர் என்பார்கள். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று நிறுவனர் பியர் ஒமிட்யார் கேட்டாராம். உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்றாராம் வாங்கியவர். உடைந்ததை உடைந்தது என்று சொன்னால் அதற்கும் ஆள் இருக்கிறது. பூஞ்சை பிடித்த லென்ஸ்களையே தேடி வாங்கிச் சுத்தம் செய்து பழகுகிறவர்கள் எனக்குக் கிடைத்திருக்கிறார்கள். குறையில்லாத லென்ஸை வாங்கியவர்களைவிட இவர்கள்தான் மனம் நிறைந்து பின்னூட்டம் எழுதுகிறார்கள்.

ஆனால் எவ்வளவு எழுதினாலும் தப்ப முடியாத ஒரு கேமரா உண்டு. ஒலிம்பஸ் ட்ரிப் 35. பேட்டரி வேண்டாம். லென்ஸைச் சுற்றியிருக்கும், ஒளியை உணரும் செலினியம் வளையம் வெளிச்சத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளும். அபெர்ச்சர் வளையம் 'ஏ' என்ற தானியங்கி நிலையில் இருக்கும்போது வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டர் விழாது. கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் சிவப்பாக ஒரு நாக்கு எட்டிப் பார்க்கும். படம் வீணாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஒருவர் பார்சலை இரவில் பிரித்திருக்கிறார். பொத்தானை அழுத்தினார், சிவப்பு நாக்கு வந்தது, கிளிக் ஆகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'செத்த கேமராவை அனுப்பிவிட்டார்' என்று பின்னூட்டம் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மறுநாள் அவருக்கு எழுதினேன்: 'ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வானத்தைப் பார்த்து ஒருமுறை அழுத்துங்கள். அப்படியும் விழாவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருகிறேன்.' மதியம் ஒற்றை வரியில் பதில் வந்தது: 'கிளிக் ஆகிறது.' பின்னூட்டத்தை மாற்றும்படி முறையாகக் கோரிக்கை அனுப்பினேன். அதை அவர் திறந்தாரோ இல்லையோ, குறை அப்படியே நின்றுவிட்டது. இந்த முறை கோபத்தில் பதில் போடவில்லை. 'இருட்டில் இந்தக் கேமரா ஷட்டரைப் பூட்டிக்கொள்ளும், பழுது இல்லை. வெளிச்சத்தில் வேலை செய்வதை வாங்கியவரும் உறுதிசெய்தார்' என்று மட்டும் எழுதினேன். அடுத்த ட்ரிப் 35-ஐ ஏலத்தில் வாங்கியவர் அந்தப் பதிலைத்தான் தன் செய்தியில் எடுத்துச் சொன்னார்.

ஏலம் எடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போதைய விதிப்படி நாலு நாளில் காசு வராவிட்டால் விற்பனையை ரத்துசெய்யலாம். அதைச் செய்துவிட்டுப் போக வேண்டியதுதான், துரத்தி எழுதிப் பயனில்லை. சங்கடம் அடுத்த கட்டத்தில் வரும். இரண்டாவதாக நின்றவருக்கு, உங்கள் விலைக்கே தருகிறேன் என்று வாய்ப்பு அனுப்பினால் அவர் என்னைச் சந்தேகப்படுவார். முதலாவதாக நின்றது என் ஆளாக இருக்கும், விலையை ஏற்றிவிடச் சொல்லியிருப்பேன் என்று. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆகவே அந்த வாய்ப்பை அனுப்புவதில்லை, புதிதாக ஏலம் போட்டுவிடுகிறேன்.

'நான் கேட்டதற்கு மேல் நீங்களே விலையை ஏற்றிவிட்டீர்கள்' என்று வரும் புகாருக்கு மட்டும் பொறுமையாக விளக்கம் எழுதுகிறேன். அவர் கொடுத்தது உச்ச விலை. எதிராளி கேட்கக் கேட்க, அந்த உச்சம் வரை அவர் சார்பில் ஒவ்வொரு படியாக ஏற்றுவது தளம்தான், நானில்லை.

எனக்குப் பிடிக்காத ரகம் ஒன்றுதான். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் குறை போடுவேன் என்று மிரட்டுகிறவர்கள். தளத்தின் செய்திப் பெட்டியை விட்டு வெளியே பேச மாட்டேன். பொருளைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன் என்று ஒரே பதில். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

குறைக்குப் பயந்து தூக்கம் கெட்ட நாட்களில் ஓர் ஆய்வைத் தெரிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பால் ரெஸ்னிக்கும் உடனிருந்தவர்களும் 2006-இல் வெளியிட்டது. பழைய அஞ்சலட்டைகள் விற்கும் ஒருவர், ஒரே மாதிரிப் பொருளைத் தன் பேர்பெற்ற கணக்கிலும் புதுக் கணக்குகளிலும் ஏலம் விட்டார். பேர்பெற்ற கணக்குக்கு வாங்குகிறவர்கள் சுமார் 8 சதவீதம் கூடக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். புதுக் கணக்குகளிலோ, ஒன்றிரண்டு குறை விழுந்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நானோ ஒரு குறைக்காக இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன்.

சென்ற வாரம் இன்னொரு ட்ரிப் 35 விற்றது. விவரத்தின் முதல் வரியே, 'இருட்டில் கிளிக் ஆகாது, அது பழுதல்ல.' பெட்டிக்குள்ளும் அதையே ஒரு சீட்டில் எழுதி, பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினேன். நேற்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி: 'ஷட்டர் விழவில்லை. ஏதோ சீட்டு ஒட்டியிருந்தது, அதை எடுத்துவிட்டேன், அதனாலா?' மேசை விளக்கைப் போட்டு லென்ஸை அதற்கு நேராகப் பிடித்து ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.